கை எம்பிராய்டரி: வகுப்பா, பயணமா?

முறையாகக் கற்க வேண்டுமென்றால் வகுப்புதான். 1872இல் தொடங்கிய இங்கிலாந்தின் ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் போன்ற இடங்களில் ஒவ்வொரு தையலாகச் சொல்லித் தருவார்கள். தப்பாகப் போட்டதைப் பிரித்து மறுபடி போட வேண்டியிருக்கும். கை அப்படித்தான் படியும்.

பயணம் வேறு ரகம். நீலகிரியில் தோடர் பழங்குடிப் பெண்கள் தங்கள் மரபு எம்பிராய்டரியான புகூர் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். துணியை இழுத்து மாட்டும் சட்டம் கிடையாது, வரைந்த கோடும் கிடையாது. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாக நூல் ஏறுகிறது. அடுத்த இழையை விரல் தேடிப் பிடிக்கும் அந்த நொடியை எந்தப் பாடத்திட்டத்திலும் பார்க்க முடியாது, எனக்கு அதுதான் பெரிசு. சரி, இரண்டு நாளில் கைவந்துவிடுமா? வராது. அடிப்படைத் தையல்கள் பழகிய பிறகு போங்கள். அப்போதுதான் கேட்பதற்குக் கேள்வி இருக்கும்.