எம்சிஃப்ளர்ட்: தலையசைவைத் திருத்தும் மென்பொருள் குறித்து ஒரு பயனரின் மதிப்புரை

மூளையின் செயல்பாட்டைக் காண அடுத்தடுத்துப் படிமங்கள் எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் படுத்திருப்பவர் எச்சில் விழுங்கினாலே தலை சற்று நகர்ந்துவிடுகிறது. அந்த நகர்வைத் திருத்துவதற்காக ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உருவாக்கி, 2002இல் ஆய்விதழ் ஒன்றில் விவரித்த எம்சிஃப்ளர்ட் என்னும் கருவியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். மூளைப் படிமங்களை ஆராயும் எஃப்எஸ்எல் மென்பொருள் தொகுப்பில் அடங்கிய இக்கருவி, தலையை வடிவம் மாறாத திண்பொருளாகக் கொண்டு, மூன்று இடப்பெயர்ச்சிகள், மூன்று சுழற்சிகள் என ஆறு அளவுகளைக் கணித்து, ஒவ்வொரு மூளைப் படிமத்தையும் ஓர் அடிப்படைப் படிமத்தோடு பொருத்துகிறது. அந்த வேலையை விரைவாகவும் செம்மையாகவும் செய்கிறது.

இச்செம்மை எவ்வளவு அவசியம் என்பது மூளையின் விளிம்பிலுள்ள ஒரு வோக்ஸலை, அதாவது முப்பரிமாணப் படிமத்தின் மிகச் சிறு கட்டத்தை, பார்த்தாலே விளங்கும். அதன் அகலம் 3 மி.மீ. என்றால், தலை உட்பக்கமாக அரை மி.மீ. விலகியதும் ஆறில் ஒரு பங்கு திசு அதிலிருந்து வெளியேறிவிடுகிறது. மூளையின் செயல்பாட்டைக் காட்டுவதாக நாம் தேடுகின்ற, இரத்த ஆக்சிஜன் சார்ந்த சமிக்ஞை மாற்றமோ பெரும்பாலும் ஓரிரு விழுக்காடுதான்.

ஆயினும், திருத்திய படிமத்தைவிட அதனுடன் எழுதித் தரும் ஆறு நிரல் எண்கோப்பையே நான் பெரிதும் மதிக்கிறேன். அதை வரைபடமாக்கினால், கழுத்துத் தசை தளரத் தளர மோவாய் மெல்லச் சரிவது ஒரு சாய்கோடாகவும், இருமல் ஒரு கூர்முனையாகவும் தெரியும். இக்கோப்பில் முதல் மூன்று நிரல்கள் ரேடியன் என்னும் கோண அலகில் அமைந்த சுழற்சிகள்; மி.மீ. கணக்கிலான இடப்பெயர்ச்சிகள் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. எஸ்பிஎம் என்னும் மற்றொரு மூளைப் படிம மென்பொருளில் இவ்வரிசை தலைகீழாக இருக்கும். அந்தப் பழக்கத்தில் நான் ஒருமுறை 0.01 என்ற சுழற்சியை மி.மீ. என்று எண்ணி, பொருட்படுத்தாமல் விட்டுவிட்டேன். தலையை 50 மி.மீ. ஆரமுள்ள கோளமாகக் கொண்டால் அது அரை மி.மீ. நகர்வு என்பதை உணர்ந்ததும், அந்த ஆய்வு முழுவதையும் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

படிமங்களைப் பொருத்துவது வேறு, அசைவின் சுவடுகளை நீக்குவது வேறு. ஒரு முழுப் படிமத்தின் துண்டுகள் (குறுக்குவெட்டுப் படங்கள்) ஏறத்தாழ 2 விநாடிகளில் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படுவதால், இடையில் தலை அசைந்தால் சில துண்டுகள் மட்டும் விலகி நிற்கும். முழுப் படிமத்துக்கும் ஒரே நகர்வைக் கணிக்கும் முறையால் அதைச் சரிசெய்ய இயலாது. அசைவினால் காந்தப்புலத்தில் நேரும் மாறுதலும், ஸ்கேனரின் ரேடியோ அலையால் திசு தூண்டப்படும் கால இடைவெளி பிறழ்வதும் பொருத்திய பின்னரும் அப்படியே எஞ்சுகின்றன. 2012இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைத்தான் சுட்டிக்காட்டின: வழக்கமான திருத்தத்துக்குப் பிறகும், அசைவு மிகுந்தவர்களின் மூளையில் அருகருகே உள்ள பகுதிகளின் செயல்பாட்டுத் தொடர்பு மிகையாகவும், தொலைவில் உள்ளவற்றின் தொடர்பு குறைவாகவும் தோன்றியது. குழந்தைகளும் நோயாளிகளும் பிறரைவிட அதிகம் அசைகிறார்கள் என்பதால், இப்பிழை நோயின் அடையாளமாகவே தவறாக வாசிக்கப்படக்கூடும் என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஆகவே, அந்த ஆறு அளவுகளையும் புள்ளியியல் மாதிரியில் சேர்ப்பதையும், அசைவு மிகுந்த படிமங்களை விலக்குவதையும் நான் தவிர்ப்பதே இல்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நாமாக எதையும் குறிப்பிடாவிட்டால், இக்கருவி பதிவின் நடுப் படிமத்தையே அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. அந்நொடியில் தலை அசைந்திருந்தால், மற்றவை அனைத்தும் சிதைந்த ஒன்றோடு பொருத்தப்படும். எனவே, இயக்குவதற்கு முன் நடுப் படிமத்தைப் பக்கவாட்டில் திறந்து பார்க்கிறேன். துண்டுகளின் ஓரம் ரம்பப் பல்போலத் தெரிந்தால், அசைவற்ற வேறொரு படிமத்தின் எண்ணைக் கொடுத்த பிறகே இயக்குகிறேன்.