தோள் வலிக்கு முதுகில் சொடக்கு: 14 மாதம் கழித்து

"ஏனுங் மாமா, முதுகுல சொடக்கெடுத்தா தோள் வலி போயிருமுங்களா?" கோபியிலிருந்து மாப்பிள்ளை நேற்று போனில் கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன், கோபத்தைக் கொஞ்சம் குறைத்து.

எனக்குத் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் வேலை. மிஷினைத் தள்ளித் தள்ளி வலது தோள் போயிற்று. பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தசைநார் வீக்கம் என்றார் எலும்பு டாக்டர். மாத்திரைக்குக் கேட்கவில்லை. கோயமுத்தூரில் முதுகில் சொடக்கெடுக்கும் ஒருவரிடம் போனேன். சிட்டிங் 800 ரூபாய், மொத்தம் 6.

தோள் வலிக்கு முதுகு எதற்கு? நியாயமான கேள்வி. கூன் போட்டு உட்கார்ந்தபடி கையை மேலே தூக்கிப் பாருங்கள், பாதியில் நிற்கும். நடுமுதுகு நிமிர்ந்தால்தான் கை முழுசாகப் போகும். குப்புறப் படுக்கவைத்து, இரண்டு உள்ளங்கையையும் முதுகில் ஊன்றி, நான் மூச்சை விடும் நேரம் பார்த்து ஒரே அழுத்து. படபடவென்று நாலு சொடக்கு. எழுந்து கையைத் தூக்கினால் வலி பாதிதான்! அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவிநாசி வரை நின்றே வந்தேன்.

மூன்றாம் நாள் வலி திரும்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் இதே கதை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "எலும்பு விலகியிருந்துச்சுங்க, உட்கார வெச்சுட்டேன்" என்று 6 தடவையும் சொன்னார் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை. வாராவாரம் விலக அது என்ன, கதவு கொண்டியா? மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குமிழ் உண்டாகும்போது வரும் சத்தம் அது. விரலில் எடுக்கும் சொடக்கும் அதேதான். நிஜமாக அழுத்தினாலும், அழுத்துவதுபோல் பாவனை செய்தாலும் தோள் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்ததாகச் சில ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது. (சலூனில் முடிவெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுப்பார்களே, அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதுதான், ஆனால் வந்திருக்கிறது.)

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாளே ஒரு சிவப்பு ரப்பர் பட்டையைக் கொடுத்து, தினமும் இழுக்கச் சொன்னவரும் அவர்தான். நான்தான் சொடக்கு மயக்கத்தில் அதை டிவிஎஸ் வண்டிப் பெட்டியிலேயே நாலு மாதம் போட்டுவைத்திருந்தேன். அப்புறம் ஜன்னல் கம்பியில் கட்டி, காலையில் டீ கொதிக்கிற நேரத்துக்கு இழுக்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் பர்ஸ் கைக்கு வந்தது. இன்றைக்குத் துணி ரோல் தூக்கினாலும் வலியில்லை.

ஆக, மாப்பிள்ளையிடம் "காசைக் கரியாக்காதீங்க, பட்டை வாங்கி இழுங்க" என்று சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு சிட்டிங்குக்குச் சொல்லிவைத்திருப்பது அவருக்குத் தெரியாது. தோளுக்காக இல்லை. ஷிப்மென்ட் முடிந்த அலுப்பு, அந்தப் படபட சத்தம் ஒரு தடவை கேட்டால் தேவலை.