ஸ்பைரோமெட்ரியா, பீக் ஃப்ளோ மீட்டரா? ஆஸ்துமா சிகிச்சைக்கு எது, எப்போது?

இளைப்பு இல்லை என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்பி இன்ஹேலர் மருந்தின் அளவைக் குறைப்பது ஆபத்தானது. மூச்சுக்குழாய்ச் சுருக்கம் பழகிப்போய், அதைத் தொந்தரவாகவே உணராதவர்கள் உண்டு. அதனால் அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

மருத்துவமனைகளில் 'பிஎஃப்டி' என்று எழுதித் தரும் நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனையின் முக்கியப் பகுதி ஸ்பைரோமெட்ரி. ஆழ இழுத்த மூச்சை முழு வேகத்தில் ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றையும் மொத்தக் காற்றையும் அது அளக்கிறது. இவற்றின் விகிதம் குறைந்திருந்தால் காற்றுப்பாதையில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதும்போது, பெரியவர்களுக்கு முதல் நொடி அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால், அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. அந்த முதல் நொடி அளவு, வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படுவதில் 60 சதவீதத்துக்கும் கீழே இருந்தால், அறிகுறிகள் குறைவாக இருந்தாலும் கடுமையான இளைப்பு வரும் வாய்ப்பு அதிகம். வேறு எந்தக் கருவியும் இந்த எச்சரிக்கையை இவ்வளவு தெளிவாகத் தருவதில்லை. ஆனால், நோயாளி நலமாக இருக்கும் நாளில் முடிவு இயல்பாகவே வரக்கூடும். அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

இரவிலும் விடியற்காலையிலும் ஏறி இறங்கும் நோயைப் பகல் நேரத்துப் பரிசோதனை ஒன்று முழுதாகப் பிடித்துவிடாது. அந்த இடைவெளியை நிரப்புவது, பிரிட்டனைச் சேர்ந்த மார்ட்டின் ரைட் 1959இல் அறிமுகப்படுத்திய கருவியின் வழிவந்த, கையடக்கமான பீக் ஃப்ளோ மீட்டர். ஊதும் காற்றின் உச்ச வேகத்தை அது அளக்கிறது. காலையும் மாலையும் மும்முறை ஊதி, அவற்றில் உயர்ந்த அளவைக் குறித்துவர வேண்டும். இரண்டு வாரச் சராசரியில் அன்றாட ஏற்ற இறக்கம் பெரியவர்களுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் அது கவனிக்க வேண்டிய அடையாளம். பின்னாளில், தன்னுடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டப்படி மருந்தைக் கூட்டலாம். 50 சதவீதத்துக்கும் கீழே போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊதும் முயற்சி தளர்ந்தால் அளவும் குறையும், கம்பெனிக்குக் கம்பெனி கருவியும் வேறுபடும் என்பதால், எப்போதும் ஒரே மீட்டரையே பயன்படுத்துவது நல்லது.

நோயை உறுதிசெய்யவும், மருந்தைத் தொடங்கிய 3 முதல் 6 மாதங்களில் பலனைப் பார்க்கவும் ஸ்பைரோமெட்ரியையே நான் முன்வைப்பேன். இலேசான ஆஸ்துமா உள்ளவர் ஆயுள் முழுவதும் தினமும் மீட்டரில் ஊதத் தேவையில்லை. அடிக்கடி கடுமையான இளைப்பு வருபவருக்கும், சுருக்கத்தை உணராதவருக்கும் அது உயிர்காக்கும் துணை.

இவை இரண்டும் போக, மூச்சில் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் ஃபீனோ பரிசோதனையும் உண்டு. அது அடைப்பைக் காட்டாது. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குக் கட்டுப்படக்கூடிய அழற்சியைத்தான் காட்டும். புகைபிடிப்பவர்களுக்கு அந்த அளவு தாழ்ந்தே வரும் என்பதால், அது குறைவாக இருக்கிறதென்று ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது.