க்ரூகர்ராண்டா, பழைய பவுனா: எந்தப் போலியை எப்படிப் பிடிப்பது?

டர்பனில் நம் வீடுகளில் தங்கக் காசு என்றால் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பிள்ளைகள் கல்யாணத்துக்கென்று கையில் பணம் இருக்கும்போது வாங்கி வைக்கும் க்ரூகர்ராண்ட் என்ற தென்னாப்பிரிக்கத் தங்கக் காசு. மற்றது, பாட்டி காலத்துப் பழைய பவுன். அதில் பழைய டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் க்ரூகர் தலை இருக்கும், அல்லது இங்கிலாந்து ராஜா தலை இருக்கும். விற்கப் போனாலும் வாங்கப் போனாலும் "இது அசல்தானா?" என்ற கேள்வி இரண்டுக்கும் உண்டு. ஆனால் ஒன்றுக்கு உதவும் சோதனை மற்றதற்கு உதவாது. க்ரூகர்ராண்டில் ஏமாற்றுகிறவன் உலோகத்தில் கை வைக்கிறான். பழைய பவுனில் ஏமாற்றுகிறவன் வருடத்தில் கை வைக்கிறான்.

முதலில் க்ரூகர்ராண்ட். 1967இல் வெளிவந்த ஒரு அவுன்ஸ் காசின் எடை 33.93 கிராம், விட்டம் 32.77 மில்லிமீட்டர், தடிப்பு 2.84 மில்லிமீட்டர். இன்றும் அதே அளவுதான். அதில் சுத்தத் தங்கம் 31.1 கிராம், மீதி செம்பு. வெள்ளி சேர்ப்பதில்லை, அதனால் நிறம் சற்றுச் சிவந்திருக்கும். நம் கண்ணோ 22 காரட் நகையின் மஞ்சளுக்குப் பழகியது. நகையில் செம்போடு வெள்ளியும் கலப்பதால் வரும் மஞ்சள் அது. இந்தக் கண்ணை நம்பினால் அசல் காசு மட்டமாகவும் பித்தளைப் போலி பளிச்சென்று நல்லதாகவும் தெரியும். ஆகவே நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கங்கே செம்புப் புள்ளி தென்பட்டாலும் பயம் வேண்டாம், அசலிலும் அது வரும்.

நல்ல தராசும் வெர்னியர் காலிப்பரும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தங்கம் அவ்வளவு கனமான உலோகம். பித்தளையிலோ ஈயத்திலோ போலி செய்கிறவன் எடையைச் சரியாக்கினால் காசு தடித்துவிடும், அளவைச் சரியாக்கினால் எடை இறங்கிவிடும். இரண்டையும் அவனால் ஒருசேரப் பொருத்த முடியாது. காந்தத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். இரும்பை அது காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். பித்தளையும் ஈயமும் அதில் ஒட்டாது. சுண்டிச் சத்தம் கேட்பது பழைய வழி. பக்கத்தில் ஓர் அசல் காசு இருந்து, காதும் பழகியிருந்தால் அது பயன்படும்.

சரி, டங்ஸ்டன்? எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3. அதனால் 24 காரட் தங்கக் கட்டிக்குள் அதை ஒளித்தால் தராசுக்குத் தெரியாது. ஆனால் க்ரூகர்ராண்டில் செம்பு இருப்பதால் அதன் அடர்த்தி 17.5 அளவுக்குத்தான் வரும். வெறும் டங்ஸ்டனுக்கு முலாம் பூசினால் காசு எடை கூடி மாட்டிக்கொள்ளும். இந்தக் காரணத்துக்காகவே 24 காரட் கட்டியைவிட 22 காரட் க்ரூகர்ராண்ட் எனக்கு அதிகம் பிடிக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுக்க முக்குங்கள். அசலானால் தராசு சுமார் 1.94 கிராம் காட்டும். அதே எடையுள்ள டங்ஸ்டன் 1.76 காட்டும். வித்தியாசம் சின்னது, ஆகவே 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது.

கடைக்குக் கொண்டுபோனால் உரைகல்லில் உரைப்பார்கள், இல்லையென்றால் எக்ஸ்ரே கருவியில் வைப்பார்கள். ஒன்று தாத்தா காலத்தது, மற்றது இந்தக் காலத்தது, ஆனால் குறை இரண்டுக்கும் ஒன்றே: மேல்தோலை மட்டும்தான் பார்க்கின்றன. முலாம் நல்ல தடிப்பாக இருந்தால் இரண்டும் "தங்கம்" என்றே சொல்லும். உலோகம் மின்சாரத்தைக் கடத்தும் திறனை அளக்கும் கருவி இன்னும் உள்ளே போய்ப் பார்க்கும். அதை வைத்திருக்கும் கடைக்கே என் ஓட்டு.

இன்னொரு சின்ன ஏமாற்று உண்டு. சாதாரணக் காசை மெருகேற்றி, சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அச்சிடும் ப்ரூஃப் காசு என்று கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவார்கள். விளிம்பு வரிகளை எண்ணுங்கள். ப்ரூஃபில் 220, சாதாரணக் காசில் 160.

இனி பழைய பவுன். 1892 முதல் 1900 வரை வந்த க்ரூகர் பவுனும், 1923 முதல் 1932 வரை பிரிட்டோரியாவில் எஸ்ஏ குறியோடு அச்சான சவரனும் ஒரே எடைதான்: 7.99 கிராம், 22 காரட். தங்கமாக மட்டும் விற்றால் தராசும் காலிப்பருமே போதும். அபூர்வமான வருடம் என்று யாராவது விலை ஏற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 1950களில் லெபனானில் போலிச் சவரன்களை அசல் தங்கத்திலேயே அடித்தார்கள். எடை சரி, மாற்றும் சரி, காசுதான் பொய். 1902இல், பிரிட்டிஷாரோடு நடந்த போரின்போது, போயர் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) படை பில்கிரிம்ஸ் ரெஸ்ட் என்ற ஊரில் கையால் அடித்த வெல்ட் பவுன் மொத்தம் 986தான். அதைப் போலச் செய்தவைக்குக் குறைவில்லை. அதன் அச்சு இயல்பிலேயே கரடுமுரடு என்பது போலி செய்கிறவனுக்கு வசதி. இங்கே தராசு, தண்ணீர், எக்ஸ்ரே எதுவும் உதவாது.

பூதக்கண்ணாடிதான் உதவும். வருட இலக்கத்தைச் சுற்றிக் கீறலோ நிற மாற்றமோ இருக்கிறதா, எழுத்தின் ஓரம் கூர்மையா மழுங்கலா, பரப்பில் வார்ப்புக் குமிழி உண்டா, விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். 1892இல் பெர்லினில் அடித்த காசில் மாட்டு வண்டிக்கு இரட்டை ஏர்க்கால் போட்டுவிட்டார்கள், பிறகு ஒற்றையாக மாற்றினார்கள். வருடத்தையும் வண்டியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காசுமாலையில் கோத்த பவுனாக இருந்தால் பற்றவைத்த தடம் இருக்கும். அது போலிக்கு அடையாளமில்லை, ஆனால் சேகரிப்பாளர் விலை கிடைக்காது. மெருகு போட்டாலும் அதே கதிதான்.

விலை பெரிதென்றால், காசுகளைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனங்களான என்ஜிசி அல்லது பிசிஜிஎஸ் தரச்சான்றோடு மூடிய பெட்டியில் உள்ள காசையே வாங்குங்கள். அந்தப் பெட்டிகளுக்கும் போலி வந்துவிட்டது. அதனால் சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையிலுள்ள காசோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள்.

கல்யாணச் சேமிப்புக்கு நான் க்ரூகர்ராண்டையே சொல்வேன். வீட்டிலேயே சோதிக்கலாம், செய்கூலி கிடையாது, நகைக்கு உள்ள 15 சதவீத வாட் வரியும் இதற்கு இல்லை. பழைய பவுனை வரலாற்றில் ஆசையுள்ளவர் வாங்கட்டும். சான்று இல்லையென்றால் தங்க விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். கிரே ஸ்ட்ரீட்டானாலும் சாட்ஸ்வர்த்தானாலும், பழைய காசு வாங்கி விற்கும் கடை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீசில் பதிவு செய்திருக்க வேண்டும், விற்க வருகிறவரின் அடையாள விவரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். உங்களிடம் ஐடி கேட்காமலே காசை வாங்கிக்கொள்ளும் கடை, மற்றவர்களிடமும் கேட்டிருக்காது. அங்கே எதையும் வாங்காதீர்கள்.