பேட்டரி இறங்கினால்: கேபிளா, பெட்டியா, ஆளைக் கூப்பிடுவதா?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய், மூன்று வாரம் கழித்து வந்து காரை எடுத்தால் ‘டிக் டிக்’ சத்தத்தோடு நின்றுவிடுவது சிங்கப்பூரில் பலருக்கும் பழகிய விஷயம். கார் தூங்கினாலும் உள்ளே டேஷ்கேம் தூங்குவதில்லை. பார்க்கிங் மோடில் விட்டுப் போனால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்துவிடும்.

அப்போது மூன்று வழிகள் இருக்கின்றன: பக்கத்துக் காரிலிருந்து கேபிள் போடலாம், இறங்கிய பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து எழுப்பும் (அதுதான் ‘ஜம்ப்’) லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியை மாட்டலாம், பேட்டரிக்காரரைக் கூப்பிடலாம். தள்ளி ஸ்டார்ட் செய்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இங்கே ஓடுபவை பெரும்பாலும் ஆட்டோ கியர். தள்ளினால் முதுகு வலிதான் மிச்சம்.

கேபிள்தான் மலிவு, இருபது முப்பது வெள்ளியில் கிடைக்கும். சிக்கலும் அதில்தான். மேலே ரப்பர் தடியாக இருக்கும், உள்ளே கம்பி நூலாக இருக்கும். சாதாரண பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகும்போது 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, இரண்டரை மீட்டர் நீளம் என்றால், போக வர 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகும். 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. கம்பி 25 சதுர மில்லிமீட்டராக இருந்தால் இழப்பு அரை வோல்ட்தான். வாங்குவதாக இருந்தால் அட்டையில் அந்த எண்ணைத் தேடுங்கள். ‘1000 ஆம்பியர்’ என்ற பெரிய எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கம்பி நல்லதாகவே இருந்தாலும் இடம் ஒத்துழைக்க வேண்டுமே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பல மாடி கார் பார்க்கில் முகத்தைச் சுவர் பக்கம் வைத்து நிறுத்தியிருந்தால் பானெட்டுக்குக் கேபிள் எட்டாது. ரிவர்ஸில் நிறுத்தியிருந்தால், உதவ வரும் கார் நடுவழியில் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிப்பார். அதோடு, “அண்ணே, ஒரு நிமிஷம் பானெட்டைத் திறக்க முடியுமா?” என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த அண்ணனின் கார் ஹைப்ரிட் என்றால் கேட்காமல் இருப்பதே நல்லது. அதிலிருந்து வேறு காருக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள் என்று பல ஹைப்ரிட்களின் கையேடே சொல்கிறது.

மாட்டும் வரிசை இதுதான்: சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில், கடைசி முனை இறங்கிய காரின் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கசியலாம், கடைசி கிளிப்பில் பொறி பறக்கும். இரண்டையும் தள்ளி வைக்கத்தான் இந்த ஏற்பாடு. கழற்றும்போது தலைகீழ் வரிசை.

பெட்டிக்கு இந்த வம்பு எதுவும் இல்லை. நூறு வெள்ளியை ஒட்டி நல்லதே கிடைக்கும். பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினால் பெரும்பாலானவை கத்தும், மின்சாரம் விடாது. பேட்டரி ஒரேயடியாக வறண்டு கிடந்தால் பெட்டிக்கு அது இருப்பதே தெரியாது. அப்போது பூஸ்ட் பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தினால் அந்தப் பாதுகாப்பும் விலகிவிடும் என்பதால், அதற்கு முன் கிளிப்பை ஒருமுறை சரிபாருங்கள். ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆகவில்லை என்றால் அரை நிமிடம் விட்டு மறுபடி.

பெட்டியை எங்கே வைப்பது? காரின் பின்பக்க டிக்கியில் என்பார்கள். நான் வீட்டில் என்பேன். வெயிலில் நிற்கும் காரின் சூடு லித்தியத்துக்கு ஆகாது. மின்சாரம் செத்தால் பல கார்களில் டிக்கியே திறக்காது, பெட்டி உள்ளே மாட்டிக்கொள்ளும். நம் கார் பார்க் புளோக்குக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது! மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு அலமாரியில் வையுங்கள். ஜொகூர் போகும் நாளில் மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். காஸ்வேயைத் தாண்டிவிட்டால் இங்குள்ள பேட்டரிக்காரர் எளிதில் வரமாட்டார்.

அவரைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே ஆண்டு முழுக்கச் சூடு. ஈய பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டு தாங்கினால் அதிகம். வயது இரண்டைத் தாண்டிய பேட்டரியைப் பெட்டியால் எழுப்பினால், மறுநாள் காலை முஸ்தபா கார் பார்க்கில் அது மறுபடி படுத்துக்கொள்ளும். அந்த வயதில் ஜம்புக்கு ஐம்பது, அறுபது வெள்ளி கொடுப்பதைவிட, அங்கேயே புதிதாக மாற்றிவிடலாம். பல மாடி கார் பார்க்கின் உயர வரம்பால் இழுவை லாரி மேலே ஏறுவதும் கடினம். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் கதை வேறு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வண்டி பக்கத்துக் கார் பார்க் வரை இலவசமாக இழுத்துப் போய் விடும், பேட்டரிக்காரரை அங்கே வரச் சொல்லலாம்.

ஒன்று மட்டும் பாருங்கள்: அவர் பேட்டரி விற்க வந்தவர். டெஸ்டர் காட்டும் எண்ணை நீங்களும் பார்க்கக் கேளுங்கள். கார் ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. ஆனால் காலி என்பதாலேயே கெட்டுப்போனது ஆகாது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத பேட்டரி, டேஷ்கேமால் இறங்கியது என்றால், “ஜம்ப் மட்டும் போதும் அண்ணே” என்று தயங்காமல் சொல்லலாம். ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் நின்றால் என்ஜின் தானே அணைந்து, கிளம்பும்போது தானே ஓடும் வசதி) உள்ள காருக்கு, அதைத் தாங்கும் ஏஜிஎம் (AGM) அல்லது இஎஃப்பி (EFB) ரக பேட்டரிதான் வேண்டும். மலிவு என்று சாதாரணத்தை மாட்டவிடாதீர்கள்.

எந்த வழியில் ஸ்டார்ட் ஆனாலும் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். கார் பார்க்கிலேயே என்ஜினை ஓடவிட்டு நிற்பதில் சார்ஜ் அதிகம் ஏறாது. சும்மா நிற்கும் காரில் என்ஜினை ஓடவிடுவது இங்கே அபராதத்துக்குரிய குற்றமும்கூட. தீவு விரைவுச்சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள்.