மாத்திரை மெஷின்

"காப்ஸ்யூல் தீர்ந்துபோச்சு, ஆர்டர் போடணும்" என்று நான் போனில் சொன்னது காதில் விழுந்ததும், "யாருக்குடி மாத்திரை? உடம்புக்கு என்ன?" என்று அம்மா பதறிக்கொண்டு வந்தார். சமையல் மேடைக்குக் கூட்டிப்போய் காபி மெஷினைக் காட்டினேன். ஒரு கப்புக்கான பொடியை அடைத்து மூடிய சின்னக் குப்பிதான் காப்ஸ்யூல், அதை மெஷினில் போட்டுப் பட்டனை அழுத்தினால் காபி வரும். ஒரு காப்ஸ்யூலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதுக்குள்ள எவ்வளவு பொடி இருந்துடப் போகுது" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது மாத்திரை மெஷின்.

காபி குடிக்கிற ஆள் வீட்டில் நான் ஒருத்திதான். மொழிபெயர்ப்பு வேலை. காலை ஐந்து மணிக்கே உட்கார்ந்துவிடுவேன். அந்த நேரத்தில் பாத்திரம் உருட்டாமல், பொடி சிந்தாமல் ஒரே ஒரு கப் வேண்டும். அதற்காக நான்கு வருடத்தில் இரண்டு மெஷின் வாங்கிவிட்டேன். முதலில் வாங்கியது தப்பான மெஷின். கெட்டுப்போனது என்று சொல்லவில்லை, அது இன்றைக்கும் ஓடும். நான் தேர்ந்தெடுத்த விதம்தான் தப்பு.

நிறம் பார்த்தேன், தண்ணீர் டேங்க் பெரிதா என்று பார்த்தேன், எத்தனை பட்டன் என்று பார்த்தேன். காப்ஸ்யூலைப் பார்க்கவில்லை. அதில் அந்தக் கம்பெனியே விற்கிற காப்ஸ்யூல் மட்டும்தான் போகும். எனக்குப் பிடித்த, கொஞ்சம் அழுத்தமான கசப்புள்ள வகை ஒன்று இருந்தது. பதினான்கு மாதம் கழித்து அதை நிறுத்திவிட்டார்கள். மீதி வகைகள் எல்லாம் வாசனை ஏற்றியவை, இல்லையென்றால் வெந்நீர் மாதிரி. வேறு கம்பெனி காப்ஸ்யூல் அளவிலேயே சேராது. நல்ல நிலையில் இருக்கிற மெஷினைத் துடைத்துப் பரணில் ஏற்றும்போது வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

இரண்டாவது முறை தலைகீழாகப் போனேன். முதலில் காப்ஸ்யூல், அப்புறம்தான் மெஷின். அப்படித் தேடியபோதுதான் இந்த வியாபாரத்தின் கதையும் புரிந்தது. நெஸ்லேயில் பொறியாளராக இருந்த எரிக் ஃபாவ்ர் இந்த முறைக்கு 1976இல் காப்புரிமை வாங்கினார். நெஸ்பிரஸ்ஸோ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது 1986இல். முக்கியமான காப்புரிமைகள் 2012 வாக்கில் முடிந்ததும், அந்தச் சின்ன அலுமினியக் குப்பியின் அளவிலேயே ஏகப்பட்ட கம்பெனிகள் காப்ஸ்யூல் போட ஆரம்பித்தன. இன்று நெஸ்பிரஸ்ஸோவின் 'ஒரிஜினல்' வகைக்குப் பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் இதுதான். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் இருக்கிறார். எனக்கு அது போதும், அந்த வகை மெஷினையே எடுத்தேன்.

அதே நெஸ்பிரஸ்ஸோ 2014இல் கொண்டுவந்த வெர்டுவோ வேறு ஜாதி. அது காப்ஸ்யூலை நிமிடத்துக்கு 7000 சுற்று வரை சுழற்றிக் காபி எடுக்கிறது. காப்ஸ்யூலின் விளிம்பில் பார்கோடு. எத்தனை மில்லி, என்ன வேகம் என்பதை மெஷின் அதைப் படித்துத் தானே முடிவு செய்துகொள்ளும். பெரிய கப் குடிப்பவர்களுக்கு வசதிதான், நுரையும் கெட்டியாக வரும். ஆனால் ஏற்கெனவே சூடுபட்டவள் நான், பார்கோடு என்றாலே தள்ளி நின்றுவிட்டேன்.

அமெரிக்காவில் நன்றாக ஓடுகிற கியூரிக் கம்பெனியும், தன் காப்ஸ்யூல் மட்டும்தான் என்ற இந்தப் பூட்டைப் போட்டுப் பார்த்தது. 2014இல் வந்த 2.0 மாடல், மூடியில் தன் அடையாளம் இல்லாத காப்ஸ்யூலை ஏற்க மறுத்தது. வாங்கியவர்கள் கொதித்துப்போக, மறு ஆண்டே கம்பெனி தன் தவறை ஒப்புக்கொண்டது. கியூரிக் எஸ்பிரஸ்ஸோ, அதாவது அழுத்தத்தில் எடுக்கிற கெட்டிக் காபி, போடுகிற மெஷின் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் பெரிய அழுத்தம் கிடையாது. வெந்நீர் பொடி வழியாக இறங்கிப் பெரிய மக் நிறைய நீர்த்த காபி வரும். அது பிடித்தவர்களுக்கு அது.

யாரும் பூட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது. ஈ.எஸ்.ஈ. (ஈஸி சர்விங் எஸ்பிரஸ்ஸோ) என்ற காகிதப் பொட்டலம், பல கம்பெனிகளுக்கும் பொதுவான அளவு. 44 மில்லிமீட்டர் அகலம், உள்ளே 7 கிராம் பொடி. குப்பையும் வெறும் காகிதமும் சக்கையும்தான். மனசுக்கு அதுதான் பிடித்தது. ஆனால் அதற்கான மெஷின் பெரிதாக இருந்தது, என் மேடையில் இடமில்லை.

இடம் என்றதும் ஒன்று. மெஷினின் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு வாங்காதீர்கள். என்னுடையது ஒரு சாண் அகலம்கூட இல்லை. ஆனால் காப்ஸ்யூல் போட லீவரை மேலே தூக்க வேண்டும், தலைக்கு மேலே ஷெல்ஃப். முதல் நாளே 'டங்' என்று இடித்தது. இப்போது தினமும் மெஷினை அரை அடி முன்னால் இழுத்து, காபி எடுத்து, திரும்பத் தள்ளிவைக்கிறேன். கப் வைக்கிற இடத்தின் உயரத்தையும் பாருங்கள். என் பெரிய மக் அடியில் நுழையாது. தட்டை மடக்கினால் நுழையும், ஆனால் மேலிருந்து விழுகிற காபி சுவரெல்லாம் தெறிக்கும்.

சத்தம் உண்டு. பம்ப் அரை நிமிடம் உறுமும். கதவைச் சாத்தினால் அடுத்த அறையில் தூங்குகிறவர் எழுந்துகொள்வதில்லை.

காபி எப்படி? நன்றாக இருக்கிறது, மிக நன்றாக என்று சொல்ல மாட்டேன். 40 மில்லி, மேலே பொன்னிற நுரை, தினமும் ஒரே மாதிரி. அந்த 'ஒரே மாதிரி' காலை ஐந்து மணிக்குப் பெரிய விஷயம். அம்மா கேட்ட கேள்வி மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் ஒருநாள் காப்ஸ்யூலைக் கிழித்துத் தராசில் கொட்டினேன். 5.3 கிராம். அம்மா சந்தேகப்பட்டது சரி. இந்தப் பொடிக்கு 40 மில்லிதான் அளவு. 110 மில்லி வருகிற பெரிய பட்டனைச் சாதாரணக் காப்ஸ்யூலுக்கு அழுத்தினால் கடைசியில் இறங்குவது கசந்த தண்ணீர். நீளமாகக் குடிக்க வேண்டுமென்றால் 40 மில்லி எடுத்துவிட்டு மேலே வெந்நீர் ஊற்றிக்கொள்வது மேல். மெஷின் பெட்டியில் போட்டிருக்கிற 19 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்ற எண்ணையும் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்பின் உச்சபட்ச சக்தி. எஸ்பிரஸ்ஸோவுக்கு வழக்கமாகச் சொல்கிற அழுத்தம் 9 பார். 15 போட்ட மெஷினுக்கும் 19 போட்டதற்கும் கப்பில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சூடு போதவில்லை என்பவர்கள் நிறையப் பேர். இவ்வளவு குறைந்த காபி குளிர்ந்த பீங்கானில் விழுந்தால் உடனே ஆறத்தான் ஆறும். காப்ஸ்யூல் போடாமல் ஒருமுறை பட்டனை அழுத்தி, வருகிற வெந்நீரைக் கப்பில் பிடித்துக் கொட்டிவிட்டு அப்புறம் காபி எடுங்கள். கப்பும் சூடாகும், குழாயில் தங்கிய நேற்றையக் காபியும் கழுவிக்கொண்டு போகும். பால் சேர்ப்பவர்கள் பாலைத் தனியாகச் சுடவைத்துத்தான் ஆகவேண்டும். டோல்சே குஸ்டோ என்ற இன்னொரு வகை மெஷினில் பால் பவுடரும் காப்ஸ்யூலில் வருகிறது. ஒரு கப்புச்சினோவுக்கு இரண்டு காப்ஸ்யூல் போடவேண்டும், குப்பையும் இரண்டு மடங்கு.

மற்ற கம்பெனிக் காப்ஸ்யூல்களில் எல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக்கில் வந்த ஒரு வகையை மலிவாக இருக்கிறதே என்று ஐம்பது வாங்கினேன். நாலில் ஒன்று உள்ளே சிக்கிக்கொள்ளும், பாதித் தண்ணீர் கப்புக்கு வராமல் பின்பக்கத் தொட்டியில் இறங்கும். லீவரை மல்லுக்கட்டித் தூக்க வேண்டியிருந்தது. அலுமினியத்தில் வருபவை யார் போட்டாலும் எனக்குப் பெரும்பாலும் தொந்தரவு தரவில்லை. மக்கும் காப்ஸ்யூல்களை ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். மொத்தமாக ஒரே பையில் வந்தால், பை திறந்த பத்து நாளில் வாசனை பறந்துவிடுகிறது. மக்கும் என்று எழுதியிருப்பதில் பல, அதற்கென்று அமைத்த பெரிய உரக்கூடத்தில்தான் மக்கும், பூந்தொட்டியில் புதைத்தால் அப்படியே கிடக்கும். நாமே பொடி நிரப்புகிற ஸ்டீல் காப்ஸ்யூலும் வாங்கிப் பார்த்தேன். லேசாக நிரப்பினால் தண்ணீர் சரசரவென்று ஓடிவிடும், அழுத்தி நிரப்பினால் சொட்டு சொட்டாக விழும். சரியாக வந்த அன்று காபி அருமை. ஆனால் கழுவி, நிரப்பி, சிந்தியதைத் துடைத்து... அதற்கு எதற்கு இந்த மெஷின்? இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் இருப்பதை விடக்கூடாது. பயன்படுத்திய காப்ஸ்யூல் விழுகிற தொட்டியைக் காலி செய்யாமல் ஒன்பது நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து திறந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை, அடியில் கறுப்புத் தண்ணீர். அப்புறம் உப்பு. கடினத் தண்ணீராக இருந்தால் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்து, காபி வருகிற தாரை மெலிந்துகொண்டே போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதற்கான கரைசல் விட்டு ஓட்டுகிறேன். வினிகர் ஊற்றலாம் என்று சொல்வதைக் கேட்டு ஒருமுறை ஊற்றினேன். ஒரு வாரம் காபியில் ஊறுகாய் வாடை. ரப்பர் வளையங்களுக்கும் அது ஆகாது என்கிறார்கள்.

செலவுக்கு என் கணக்கு எளிது. 5 கிராம் வீதம் 200 காப்ஸ்யூல் சேர்ந்தால் ஒரு கிலோ காபி. உங்களுக்குக் கிடைக்கிற காப்ஸ்யூல் விலையை 200ஆல் பெருக்கி, ஒரு கிலோ நல்ல கொட்டையின் விலையோடு வைத்துப் பாருங்கள். நான் பார்த்த அன்று கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. மூன்று பேர் ஆளுக்கு மூன்று கப் குடிக்கிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். எனக்கு நாளைக்கு இரண்டு, அதனால் தாங்குகிறது.

குப்பை விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. நாளைக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 730. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2016இல் அரசுப் பணத்தில் காப்ஸ்யூல் வாங்கக் கூடாது என்று முடிவெடுத்ததைப் படித்தபோது அது மிகை என்று தோன்றவில்லை. வாரம் ஒருநாள் உட்கார்ந்து மூடியைக் கிழித்து, சக்கையைச் செடிகளுக்குத் தட்டி, அலுமினியத்தை அலசித் தனியாகச் சேர்க்கிறேன். பதினான்கு காப்ஸ்யூலுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. பொடி சிந்தாத காபிக்காக வாங்கிய மெஷின், அதனால் சனிக்கிழமை சாயங்காலம் விரல் நகமெல்லாம் காபிப் பொடி. "இதுக்கு நீ பொடியாவே வாங்கியிருக்கலாம்" என்கிறார் அம்மா. இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் நாலைந்தைக் கிழித்துத் தருகிறார்.