கார்பன் பானெட், ஃபைபர் கிளாஸ் ஃபெண்டர்: மூன்று வருடம் கழித்து

"கார்பன் பானெட் வாங்கி கார் கலர்லயே பெயிண்ட் அடிக்கலாம்னு இருக்கேன், சரியா வருமாடா?" என்று நண்பன் கேட்டான். அந்தக் கறுப்பு நெசவை மறைக்கத்தான் போகிறாய் என்றால் கார்பன் எதற்கு என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். நானே அதைத்தான் செய்து வைத்திருக்கிறேன்.

என் காரில் பானெட் கார்பன் நார், முன் சக்கரங்களுக்கு மேல் வரும் ஃபெண்டர் இரண்டும் ஃபைபர் கிளாஸ், அதாவது கண்ணாடி நார். இரண்டையும் இறுகப் பிடித்திருப்பது ரெசின் என்ற பிசின். பானெட்டை ஒரு கையால் தூக்கும் சுகம் இன்னும் குறையவில்லை. ஆனால் எடைக் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். கன சென்டிமீட்டருக்கு இரும்பு 7.8 கிராம் என்றால் கார்பன் சுமார் 1.6, ஃபைபர் கிளாஸ் 1.9 பக்கம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் அதே விறைப்பு வேண்டுமானால் ஃபைபர் கிளாஸைத் தடிமனாகப் போட வேண்டும், எடை அங்கே ஏறிவிடும். என் பானெட்டில் மேல் அடுக்கு மட்டும்தான் கார்பன், கீழே முழுக்க ஃபைபர் கிளாஸ் என்பது பின்னால் ஒரு விரிசலைச் சரிசெய்தபோதுதான் தெரிந்தது. அது வேறு கதை.

இப்போது ஃபெண்டர். ஊசித்துளை! ஜெல்கோட் என்ற மேற்பூச்சைத் தேய்க்கும் வரை பளிங்கு மாதிரி இருந்தது. பிரைமர் அடித்ததும் கொசு கடித்தது போல நூறு புள்ளி. இன்னும் கொஞ்சம் பிரைமர் அடித்தால் மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். மூடாது. துளையின் வாயில் தோல் மாதிரி படரும், உள்ளே அடைபட்ட காற்று வெயிலில் விரிந்து அதைக் கிளப்பிவிடும். மெல்லிய பட்டியைத் தகடால் அழுத்தி உள்ளே தள்ளினால்தான் உண்டு. நான் மூன்று முறை பட்டி பார்த்தேன். தேய்த்த தூசியில் கை இரண்டு நாள் அரித்தது தனி.

கார்பன் அந்த அளவுக்குப் படுத்தவில்லை, வேறு விதமாகப் படுத்தியது. எபாக்ஸி ரெசினுக்குப் புற ஊதாக் கதிர் ஆகாது. மேலே போட்டிருந்த கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பூச்சு, இரண்டாம் வருடமே மஞ்சளாகிவிட்டது. தண்ணீர் போட்டுத் தேய்க்கையில் வெள்ளைப் பால் வரும் வரை கிளியர்தான், கறுத்து வந்தால் கார்பன் நாரைத் தொட்டுவிட்டோம். நான் தொட்டுவிட்டேன். அப்புறம் என்ன, கார் நிறத்தையே அடித்தேன். உச்சி வெயிலில் சாய்ந்து பார்த்தால் அந்த நெசவு இன்னும் பெயிண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. சூட்டில் ரெசின் நாரைவிட அதிகமாக விரிந்து சுருங்குவதால் வரும் வினை இது.

அவனிடம் சொன்னது இவ்வளவுதான். அச்சிலிருந்து ஒட்டி வந்த மெழுகை முதலில் கழுவு, தேய்ப்பதை அப்புறம் வைத்துக்கொள், இல்லாவிட்டால் மெழுகு உள்ளே ஏறிவிடும். பிரைமருக்கு முன்னால் சில நாள் வெயிலில் போடு. எபாக்ஸி பிரைமர் அடி. பெயிண்ட் பூத்தில் சூடேற்றுவதற்கு முன் ரெசின் எவ்வளவு சூடு தாங்கும் என்று விற்றவரைக் கேள், மீறினால் வளைந்துவிடும்.

ஃபெண்டரை இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: பெயிண்ட் அடிக்கப்போகும் பாகம் என்றால் மறுபடியும் ஃபைபர் கிளாஸ்தான் வாங்குவேன். உடைந்தால் கண்ணாடி நார்ப் பாயும் ரெசினும் வைத்து நானே ஒட்டிக்கொள்ளலாம். கார்பன் உடைந்தால் அந்தத் தைரியம் எனக்கு வராது.

நேற்று வண்டி கழுவும்போது பார்த்தேன், இடது விளக்குக்கு மேலே புதிதாக ஒரு துளை.